மூத்த டாம் மொரிஸ்

மூத்த டாம் மொரிஸ் (ஜூன் 16, 1821 – மே 24, 1908) ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த கோல்ஃப் ஆட்டக்காரரும் திடல் காப்பாளரும் திடல் வடிவமைப்பாளரும் ஆவார். இவரது முழுப்பெயர் தாமஸ் மிட்செல் மொரிஸ். ஓப்பன் போட்டியில் 1861, 1862, 1864, 1867 ஆகிய ஆண்டுகளில் வெற்றி பெற்றார். இவரது மகனும் இதே பெயருடையவர். அவரும் அப்போட்டியில் நான்கு முறை வென்றவர். இருவரையும் வேறுபடுத்தும் பொருட்டுத் தந்தை மூத்த டாம் என்றும் மகன் இளைய டாம் என்றும் அழைக்கப்படுகின்றனர். கடலோர மணல் நிலத்தில் புல்லைப் பேணும் முறைகளை உருவாக்கியோருள் மூத்த டாம் முதன்மையானவர்.

பிறப்பும் இளமையும்

மொரிஸ் ஸ்கொட்லாந்தின் கிழக்குக் கரையில் உள்ள சென் அன்ட்ரூஸ் நகரில் ஒரு நெசவாளரின் மகனாகப் பிறந்தார். இந்நகரின் பழைய திடல் லிங்க்ஸ் வகையைச் சேர்ந்தது. கடலுக்கும் விளைநிலத்துக்கும் இடைப்பட்ட, மணல்மேடுகளும் குறும்புல்லும் நிறைந்த நிலம் லிங்க்ஸ் எனப்படும். மண் வளமற்றதாகையால் இங்கு பயிர்த்தொழில் நடைபெறுவதில்லை. நீர் விரைவில் வடிந்துவிடுவதாலும் புல் குட்டையாக வளர்வதாலும் பந்து நெடுந்தூரம் உருண்டோடும். மரங்கள் இல்லாததால் கடற்காற்றும் ஆட்டத்தின் போக்கை மாற்றும்.

மொரிஸ் இளவயதிலேயே ஆலன் ராபர்ட்சனிடம் பந்து செய்யும் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். ராபர்ட்சன் அக்காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர். தோலுறைக்குள் இறகுகளைத் திணித்துச் செய்யப்படும் பந்துகளை விற்று வந்தார். 1848 அளவில் கட்டாபெர்ச்சா என்னும் மரப்பாலால் ஆன, விலை மலிவான பந்து அறிமுகமானது. அது தமது தொழிலை அழித்துவிடும் என ராபர்ட்சன் அஞ்சினார். மொரிஸ் புதிய பந்தைக் கொண்டு ஆடியதால் இருவருக்கும் கருத்து வேறுபாடு ஏற்பட்டு, மொரிஸ் அவரிடமிருந்து விலகினார்.

பிரெஸ்ட்விக் திடலும் ஓப்பன் போட்டியும்

1851 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஃபேர்லி என்பவரின் முயற்சியால் மேற்குக் கரையிலுள்ள பிரெஸ்ட்விக் சங்கத்தின் திடல் காப்பாளராக மொரிஸ் பொறுப்பேற்றார். அங்கு மணல்மேடுகளின் இடையே 12 குழிகள் கொண்ட திடலை அமைத்தார்.

ராபர்ட்சன் 1859 இல் இறந்தார். அவருக்குப் பின் சிறந்த ஆட்டக்காரர் யார் என்பதை முடிவு செய்யும் நோக்குடன் பிரெஸ்ட்விக் சங்கம் ஒரு போட்டியை ஏற்படுத்தியது. அக்டோபர் 17, 1860 அன்று நடைபெற்ற முதலாவது ஓப்பன் போட்டி இதுவேயாகும். எட்டு பேர் பங்கேற்று, ஒரே நாளில் திடலை மூன்று முறை சுற்றி ஆடினர். வில்லி பார்க் 174 அடிகளில் ஆடி முடித்து வென்றார். மொரிஸ் 176 அடிகளுடன் இரண்டாம் இடம் பெற்றார்.

அடுத்த ஆண்டிலேயே மொரிஸ் வெற்றி பெற்றார். 1862 இல் அவர் 13 அடிகள் வேறுபாட்டில் வென்றது ஓப்பன் போட்டி வரலாற்றில் இன்றும் முறியடிக்கப்படாத சாதனையாகும். 1864 இல் வென்றபோது அவர் பெற்ற பரிசுப்பணம் 6 பவுண்டுகள். 1867 இல் தமது 46 ஆவது வயதில் மீண்டும் வென்றார். இப்போட்டியில் மிகக் கூடிய வயதில் வென்றவர் என்ற பெருமை இன்றளவும் அவருக்கே உரியது. மறு ஆண்டில் 17 வயதான இளைய டாம் முதலிடமும் தந்தை இரண்டாம் இடமும் பெற்றனர்.

திடல் பராமரிப்பு

மொரிஸ் 1865 இல் ஆண்டுக்கு 50 பவுண்டு ஊதியத்தில் சென் அன்ட்ரூஸ் பழைய திடலின் காப்பாளராகத் திரும்பினார். அப்போது அத்திடல் முட்புதர்கள் மண்டிச் சீர்கெட்டிருந்தது. அவர் புதர்களை அகற்றி ஆடுபாதைகளை அகலப்படுத்தினார். முதலாம், பதினெட்டாம் குழிகளுக்குப் புதிய புல்தரைகளை அமைத்தார். ஆட்டம் தொடங்கும் இடங்களைக் குழிகளை அடுத்த புல்தரையிலிருந்து பிரித்தார்.

புல்லின் மீது மணலைத் தூவுவது அவரது முதன்மையான முறையாகும். மணல் மேடுபள்ளங்களை நிரவுவதுடன் புல் அடர்ந்து வளரவும் துணைபுரிகிறது. பிரெஸ்ட்விக்கில் ஒரு தள்ளுவண்டி மணல் தவறிக் கொட்டிய இடத்தில் புல் செழித்ததைக் கண்டு இதனை அறிந்தார் என்று கூறப்படுகிறது. புல்லுக்கும் ஓய்வு தேவை எனக் கருதி, ஞாயிற்றுக்கிழமைகளில் திடலை மூடி வைப்பதில் உறுதியாக இருந்தார். இவ்வழக்கம் சில சிறப்பு நாள்கள் தவிர இன்றும் தொடர்கிறது.

இவர் வேறு பல திடல்களையும் வடிவமைத்தார் அல்லது விரிவாக்கினார். கார்னூஸ்ட்டி, மியூர்ஃபீல்ட், ராயல் டோர்னோக், அயர்லாந்துத் தீவின் ராயல் கவுண்டி டவுன், லஹிஞ்ச் ஆகியன அவற்றுட் சில.

குடும்பத்தில் நேர்ந்த இழப்புகள்

இளைய டாம் 1868 முதல் 1870 வரை தொடர்ந்து மூன்று முறையும், பின்னர் 1872 இலும் ஓப்பன் போட்டியில் வென்றார். 1875 செப்டம்பரில் தந்தையும் மகனும் நார்த் பெரிக்கில் வில்லி பார்க், மங்கோ பார்க் சகோதரர்களை எதிர்த்து ஆடினர். மகனின் மனைவி பேறுகாலத்தில் ஆபத்தான நிலையில் இருப்பதாக அங்கு தந்தி வந்தது. இருவரும் படகில் கடற்கழியைக் கடந்து ஊர் சேர்வதற்குள் தாயும் சேயும் இறந்துவிட்டனர். அவ்வாண்டு டிசம்பர் 25 அன்று இளைய டாம் தமது 24 ஆவது வயதில் காலமானார். மறு ஆண்டில் மூத்த டாமின் மனைவி ஆக்னஸ் இறந்தார். பின்னாளில் எஞ்சிய பிள்ளைகளும் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். தம் பிள்ளைகள் அனைவரின் மறைவுக்குப் பின்னும் அவர் வாழ்ந்தார்.

இத்துயரங்களுக்கு இடையிலும் அவர் தமது பணியைக் கைவிடவில்லை. மகனின் மறைவுக்குப் பின் 28 ஆண்டுகள், 1903 வரை, காப்பாளராகப் பணியாற்றினார். நாள்தோறும் காலையில் கடலில் நீராடும் வழக்கமும் அவருக்கு இருந்தது.

மறைவும் நினைவும்

1908 மே 24 அன்று சென் அன்ட்ரூஸ் நகரச் சங்கக் கட்டடம் ஒன்றின் படிக்கட்டில் தவறி விழுந்து, தமது 86 ஆவது வயதில் மொரிஸ் காலமானார். பழைய பேராலய வளாகத்தில் மகனின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். 1976 இல் உலக கோல்ஃப் புகழ்மன்றத்தில் அவரது பெயர் சேர்க்கப்பட்டது. பழைய திடலில் அவர் புல்தரை அமைத்த பதினெட்டாம் குழி இன்று அவரது பெயரால் வழங்குகிறது.