அபாயச் சங்கில் தொடங்கிய இசை: டெலியா டெர்பிஷயரின் வாழ்க்கை

1940 நவம்பர் 14 இரவு, இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகர் மீது ஜேர்மனிய விமானங்கள் விடியும்வரை குண்டுகளை வீசின. 500 இற்கும் அதிகமானோர் கொல்லப்பட்டனர். நகரின் நடுவே நின்ற பழைய பேராலயம் எரிந்து, வெளிச்சுவர்களும் கோபுரமும் மட்டும் எஞ்சின. அப்போது அந்த நகரில் மூன்று வயதுச் சிறுமியாக இருந்தவர் டெலியா டெர்பிஷயர். 1937 மே 5 ஆம் திகதி, தகரவேலை செய்யும் ஒரு தொழிலாளியின் மகளாகப் பிறந்தவர்.

விமானங்கள் வருமுன் ஏறி இறங்கி அலறும் சங்கு ஒன்று. ஆபத்து நீங்கியதும் ஒரே சீராக நீளும் சங்கு இன்னொன்று. எங்கிருந்து வருகிறது என்று தெரியாத இந்த இரண்டு ஒலிகளும் சிறுமியின் காதில் தங்கிவிட்டன. தான் கேட்ட முதல் மின்னணு இசை அதுதான் என்று பிற்காலத்தில் அவர் சொல்வதுண்டு. விமான இரைச்சலை வைத்தே அது போகும் திசையைக் கணித்துப் பழகிய எமது வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

குண்டுவீச்சின் பின் அவர் வடக்கே பிரெஸ்டன் நகருக்கு அனுப்பப்பட்டார். அங்கே அதிகாலையில் ஆலைக்குப் போகும் தொழிலாளர்களின் மரச்செருப்புகள் கல்வீதியில் எழுப்பிய தாளமும் அவரது நினைவில் சேர்ந்தது. வீட்டில் இருந்த வானொலியே தனது கல்விக்கூடம் என்று அவர் கருதினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இசையும் பயின்று 1959 இல் பட்டம் பெற்றார். பின்னர் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை கேட்டபோது, ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களைச் சேர்ப்பதில்லை என்ற பதிலே கிடைத்தது.

1960 இல் பிபிசியில் பயிலுநராகச் சேர்ந்தார். 1962 இல் ரேடியோபோனிக் வேர்க்சொப் என்ற பிரிவுக்குச் சென்றார். நாடகங்களுக்கும் விவரணங்களுக்கும் புதிய ஒலிகளை உருவாக்குவதே அதன் பணி. அங்கே சின்தசைசர் இல்லை. பரிசோதனைக் கூடத்து அலைவு கருவிகள், ஒலிநாடா இயந்திரங்கள், சவர அலகு, ஒட்டுநாடா ஆகியவையே இருந்தன. ஓர் ஒலியைப் பதிந்து, வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ சுருதியை மாற்றி, தேவையான நீளத்துக்கு நாடாவை அளந்து வெட்டி, துண்டு துண்டாக ஒட்டுவார்கள். ஒவ்வொரு ஸ்வரமும் ஒரு நாடாத் துண்டு. கணிதம் படித்த டெலியாவுக்கு இந்த அளவுவேலை இயல்பாகவே கைவந்தது. தட்டினால் மணிபோல் ஒலிக்கும் பச்சைநிற உலோக விளக்குமறைப்பு ஒன்று அவருக்கு மிகப் பிடித்த வாத்தியமாக இருந்தது.

1963 இல் ‘டொக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடருக்கு ரொன் கிரெய்னர் எழுதிய மெட்டை அவர் இந்த முறையில் ஒலியாக்கினார். ஒற்றைத் தந்தியை மீட்டிய ஒலி, அலைவு கருவியின் ஊளை, நிலையம் பிடிபடாத வானொலியில் கேட்கும் இரைச்சல் ஆகியவை அதில் கலந்தன. வியந்துபோன கிரெய்னர், இசையமைப்பில் டெலியாவுக்கும் சமபங்கு தரவேண்டும் என்றார். பிபிசியின் விதிகள் இடம்கொடுக்கவில்லை. திரையில் பிரிவின் பெயரே வந்தது; அவரது பெயர் வரவில்லை.

வேலைநேரத்துக்கு வெளியே, சகபணியாளர் பிரையன் ஹொட்சன், டேவிட் வோர்ஹவுஸ் ஆகியோருடன் சேர்ந்து இலண்டனின் கம்டன் பகுதியில் ஓர் ஒலிக்கூடத்தை அமைத்தார். ‘வைட் நொய்ஸ்’ என்ற பெயரில் இவர்கள் உருவாக்கிய ‘அன் எலெக்ட்ரிக் ஸ்டோர்ம்’ என்ற இசைத்தொகுப்பு 1969 இல் ஐலண்ட் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. பாட்டும் சிரிப்பும் அலறலும் வெட்டிய நாடாவின் தாளமும் அதில் ஒன்றாகக் கேட்கின்றன. நிறுவனம் அவசரப்படுத்தியதால் இறுதிப் பகுதி ஒரே இரவில் செய்துமுடிக்கப்பட்டது. ஆரம்பத்தில் விற்பனை மந்தம். ஆனால் இன்று அம்பியன்ட், நொய்ஸ், கிளிட்ச் என்று அழைக்கப்படும் இசைவகைகளைத் தேடிக் கேட்போர் திரும்பத் திரும்ப இந்தத் தொகுப்புக்கு வருகிறார்கள்.

1973 இல் அவர் பிபிசியை விட்டு விலகினார். எரிவாயுக் குழாய் பதிக்கும் பணியில் வானொலித் தொடர்பாளராகவும், பின்னர் ஓவியக்கூடத்திலும் புத்தகக் கடையிலும் வேலை செய்தார். இசை ஏறக்குறைய நின்றுபோனது. 1990களின் பிற்பகுதியில் இளம் கலைஞர்கள் தேடி வந்தபோதுதான் மீண்டும் ஒலியின் பக்கம் திரும்பினார். 2001 ஜூலை 3 ஆம் திகதி, 64 ஆவது வயதில் நோர்தம்டனில் காலமானார்.

மறைவின் பின் அவரது வீட்டுப் பரணில், வெற்றுத் தானியப் பெட்டிகளுக்குள் 267 ஒலிநாடாக்கள் கண்டெடுக்கப்பட்டன. அவை இப்போது மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ளன. தொடரின் 50 ஆவது ஆண்டான 2013 இல்தான், அவரது பெயர் முதன்முறையாக ‘டொக்டர் ஹூ’ திரையில் வந்தது. அதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. 2017 இல், சங்கொலி கேட்டு வளர்ந்த கொவென்ட்ரி வீட்டில் நினைவுப் பலகை பதிக்கப்பட்டது.

அந்த நாடாக்களில் 1960களின் பிற்பகுதியைச் சேர்ந்த ஒரு சிறு பதிவு உண்டு. முப்பது ஆண்டுகள் கழித்து நடனக்கூடங்களில் ஒலித்த தாளத்தை அது அப்போதே கொண்டிருக்கிறது. அதே பதிவில் டெலியாவின் குரலும் கேட்கிறது: இது சும்மா ஒரு ஆர்வத்துக்குச் செய்தது, மறந்துவிடலாம் என்கிறார். ஆனாலும் அவர் அதை எறிந்துவிடவில்லை.