கெமிஞ்சே பாலமும் தளபதி கேலகனும்

தம்பினிலிருந்து கிம்மாஸுக்குப் போகும் வழியில், கெமிஞ்சேயைத் தாண்டி, சுங்கை கெலாமா என்ற சிற்றாறு உண்டு. அதன் பழைய பாலம் இருந்த இடத்தில் ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. நம்மில் பலர் உறவினர் வீட்டுத் திருமணத்துக்கும் மையத்துக்கும் அவ்வழியே பலமுறை போயிருக்கிறோம். இறங்கிப் பார்த்தவர்கள் குறைவு. அந்த இடத்தோடு பெயர் சேர்ந்துவிட்ட ஒரு மனிதரின் வரலாற்றை இம்மலரில் பதிவு செய்கிறோம்.

பிரெடெரிக் கேலகன் 1897 ஜனவரி 11 அன்று ஆஸ்திரேலியாவின் நியூகாசல் நகரை அடுத்த ஜெஸ்மண்டில் பிறந்தார். முதல் உலகப்போரில் பிரான்ஸ் களத்தில் இருமுறை காயம்பட்டார். கறுத்த மேனியர் என்பதால் 'பிளாக் ஜாக்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. கட்டுப்பாட்டில் மிகக் கண்டிப்பானவர். 1940இல் 2/30ஆவது படைப்பிரிவின் தளபதியானார். மறு ஆண்டு அப்படை மலாயா வந்து சேர்ந்தது.

1942 ஜனவரியில் கோலாலம்பூர் வீழ்ந்தது. ஜப்பானியர் மிதிவண்டிகளில் தெற்கே விரைந்தார்கள். ஜனவரி 14 அன்று கேலகனின் படை கெமிஞ்சே பாலத்தருகே காத்திருந்தது. கேப்டன் டஃபியின் கம்பெனி சாலையோரக் காட்டில் பதுங்கியிருந்தது. முன்னால் வந்த மிதிவண்டிக்காரர்கள் இருநூறு முந்நூறு பேரைப் பின்னாலிருந்த படை பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். அடுத்த கூட்டம் நெருங்கியதும், மாலை 4 மணி தாண்டிய வேளையில், பாலம் வெடித்தது. ஜப்பானியர் ஏராளமானோர் மாண்டனர். ஆனால் தொலைபேசிக் கம்பி அறுபட்டதால் பீரங்கிப் படைக்குச் செய்தி போகவில்லை. பாலத்தையும் ஜப்பானியர் சில மணி நேரத்தில் செப்பனிட்டனர். மறுநாள் கிம்மாஸ் அருகே டாங்கிகளோடு போர் நடந்தது. அன்றே படை பின்வாங்கியது. இறந்தோர், காணாமற்போனோர், காயமடைந்தோர் என அதன் இழப்பு 81. ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி 15 அன்று, சிங்கப்பூர் சரணடைந்தது.

கேலகனின் பெரிய சோதனை அதன் பிறகே தொடங்கியது. சாங்கியில் ஆஸ்திரேலியக் கைதிகளின் தலைமை அவரிடம் வந்தது. ஆகஸ்ட் இறுதியில், தப்பிச் செல்லமாட்டோம் என்று எழுதிக் கையொப்பமிடும்படி ஜப்பானியர் கட்டளையிட்டனர். மறுத்த பதினைந்தாயிரத்துக்கும் அதிகமானோரைச் செலாராங் முகாமில் அடைத்தார்கள். தப்பிப் பிடிபட்ட நால்வரைத் தளபதிகள் கண்ணெதிரே சுட்டுக் கொன்றார்கள். வயிற்றுக்கடுப்பு பரவியது. நோயாளிகளையும் அங்கே கொண்டுவருவோம் என்ற மிரட்டல் வந்தது. பிரிட்டிஷ் தளபதி ஹோம்ஸும் கேலகனும் கட்டாயத்தின் பேரிலேயே ஒப்புகிறோம் என்று கூறிக் கையொப்பமிடச் சம்மதித்தார்கள். நிர்ப்பந்தத்துக்கு ஆளானவனுக்கு நம் மார்க்கம் தரும் சலுகையை அறிந்த நமக்கு அந்த முடிவின் நியாயம் விளங்கும். மானத்தையே பெரிதாக எண்ணிய ஒருவர், பிறர் உயிருக்காக அதை விட்டுக்கொடுத்தார்.

1943 ஏப்ரலில் சாங்கியிலிருந்து சுமார் 7,000 கைதிகள் சயாம் ரயில் பாதைக்கு அனுப்பப்பட்டார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கேயே இறந்தார்கள். ஆண்டு இறுதியில் எலும்பும் தோலுமாகத் திரும்பிய தம் வீரர்களைக் கண்டு கேலகன் அழுதார் என்று அவர்கள் பின்னாளில் எழுதி வைத்தார்கள். போருக்குப்பின் அரசுப் பணியாற்றினார். 1969இல் சர் பட்டம் பெற்றார். 1971 ஏப்ரல் 20 அன்று காலமானார்.

அதே சயாமுக்கு நம் தோட்டப்புறங்களிலிருந்தும் தமிழர்கள் பல்லாயிரம் பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள். பால்மரம் வெட்டிய கைகள் அங்கே மண் சுமந்தன. காலராவும் பசியும் அவர்களைக் கொத்துக் கொத்தாக எடுத்துக்கொண்டன. கேலகனின் வீரர்களுக்குப் பெயர்ப்பட்டியல் இருந்தது. எண்ணிப் பார்த்து அழ ஒரு தளபதி இருந்தார். நம்மவர்களில் பெரும்பாலோருக்கு மீசான் கல்லும் இல்லை, கல்லறையும் இல்லை. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே, சயாமுக்குப் போய்த் திரும்பாதவரின் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் அனைவருக்காகவும் துஆ செய்வோம்.