கைவிடப்பட்டோரின் தந்தை புனித யோசவ்வாஸ்



வைசூரி என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்நோய் உலகிலிருந்து ஒழிந்துவிட்டதென 1980-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால் 1697-ல் அது கண்டி மாநகரைத் தாக்கியபோது, மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனே நகரைவிட்டு அகன்றான். நோயுற்றோரைக் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவது அன்றைய வழக்கம். தொற்றிவிடும் என்ற அச்சமும், மனித வைத்தியத்துக்கு அடங்காத தெய்வச் செயல் என்ற எண்ணமும் பெற்றவரையும் பிள்ளையையும் பிரித்தன.

அவ்வேளையில் நகரைவிட்டுப் போகாமல் நின்றவர் யோசவ்வாஸ் அடிகளார்.

1651-ல் கோவாவிலுள்ள பெனோலிமில் பிறந்து, 1676-ல் குருவானவர் அவர். ஒல்லாந்தரின் கெடுபிடியால் குருக்களின்றி வாடிய இலங்கைக் கத்தோலிக்கரைத் தேடி, 1687-ல் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வந்ததும் கொடிய வயிற்றுளைவு அவரை வீழ்த்தியது. அந்நியமண்ணில் நோயாளியாய்க் கிடப்பது எத்தகையதென்பதை அவர் தம் உடலிலேயே அறிந்தார். 1692-ல் கண்டியில், உளவாளியென்று சிறையிலும் வைக்கப்பட்டார்.

அதே கண்டி மக்களுக்காகவே, வைசூரிக் காலத்தில் தம் மருமகன் யோசேப் கர்வாலியோ அடிகளாருடன் வீடுவீடாகச் சென்றார். கைவிடப்பட்டோருக்குக் குடிசைகள் அமைத்தார், இரந்து உணவு சேர்த்து ஊட்டினார், புண்களைக் கழுவினார், இறந்தோரைத் தம் கையாலே அடக்கம் செய்தார். பௌத்தரா, கத்தோலிக்கரா என்று அவர் பார்க்கவில்லை.

1711 தை 16-ல் கண்டியிலேயே அவர் உயிர்நீத்தார். 2015 தை 14-ல் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

வாசகர்களே, இதை எங்கள் வீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விநாயகபுரத்திலிருந்து கல்முனை வரையுள்ள இக்கரையில், சாகக் கிடப்பவரைத் தனியே விடுவதை எவரும் விரும்புவதில்லை. இந்து அயலவர் தேவாரம் பாடுவர். இஸ்லாமிய சகோதரர் காதருகே கலிமா சொல்லிக் கொடுப்பர். நாமோ சிலவேளை, குருவானவர் வந்தால் நோயாளி மனமுடைந்து போவார் என்றஞ்சி, நினைவு தப்பிய பிறகே அவரை அழைக்கிறோம்.

முன்னாளில் அவஸ்தைப் பூசுதல் என்றழைத்ததைத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின் நோயிற்பூசுதல் என்றே அழைக்கிறது. அது சாவின் அறிவிப்பன்று. கடும் நோயுற்றவருக்கும் தளர்ந்த முதியவருக்கும் ஆறுதலும் பலமும் தரும் அருட்சாதனம். அதை அவர்கள் அறிவோடு கேட்டுப் பெறட்டும்.

வைத்தியர் இனிச் செய்வதற்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பும்போதும், செய்ய வேண்டியவை உண்டு: வேதனை தணிக்கும் மருந்து, நனைத்த உதடு, மாற்றிய விரிப்பு, பற்றிய கை, மெல்லச் சொல்லும் செபம். யோசவ்வாஸ் அடிகளாரிடமும் வைசூரிக்கு மருந்து இருக்கவில்லை. அவர் பக்கத்தில் இருந்தார். அதை நாமும் செய்யலாம்.