தோட்டத்து அறிஞர் எபிக்யூரஸ்

வைகை கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை அடுத்துள்ள அழகன்குளத்தில், 1986-87ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை பலமுறை அகழாய்வு நடத்தியது. உரோம நாணயங்களும் மத்தியதரைக் கடற்பகுதியின் மட்கல ஓடுகளும் மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தன. சங்கப் புலவர்களுக்கு யவனர் என்றால் மணமிக்க மதுவும் கையில் விளக்கேந்திய பாவையும் நினைவுக்கு வரும். அந்த யவனரிடையே, இக்கரைக்கு அவர்தம் கலங்கள் வரத் தொடங்குவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே, இன்பமே வாழ்வின் பயன் என்று கற்பித்த ஓர் அறிஞர் வாழ்ந்தார். எபிக்யூரஸ் என்னும் அவர் பெயர் ஐரோப்பிய மொழிகளில் நாச்சுவை தேடுவோரைக் குறிக்கும் சொல்லாயிற்று. யூதர் மரபில் சமய மறுப்பாளரைச் சுட்டும் சொல்லாயிற்று. அவர் வாழ்ந்த வாழ்க்கையோ வேறு.

கி.மு. 341இல், ஆசியக் கரையை ஒட்டிய சாமோஸ் தீவில் எபிக்யூரஸ் பிறந்தார். தந்தை நியோக்ளீஸ் ஏதென்சிலிருந்து அங்குக் குடியேறியவர்; சொற்ப ஊதியத்துக்குப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர். தாய் வீடு வீடாகச் சென்று பரிகாரச் சடங்குகள் செய்தார் என்றும், சிறுவன் உடன் சென்று மந்திரங்களை வாசித்தான் என்றும் பிற்காலப் பகைவர் எள்ளி நகையாடினர். அது உண்மையாயின், அச்சத்தோடு கதவைத் திறந்த எத்தனையோ முகங்களை அச்சிறுவன் கண்டிருக்க வேண்டும்.

பதினான்காம் வயதில் ஒரு கவிதையே அவரைத் தத்துவத்தின்பால் செலுத்தியதாகச் சொல்வர். எல்லாவற்றுக்கும் முன்னர்ப் பாழ் தோன்றியது என்று ஹெசியட் பாடியதை ஆசிரியர் கற்பித்துக்கொண்டிருந்தார். அந்தப் பாழ் எதிலிருந்து தோன்றியது என்று மாணவர் கேட்டார். அதைத் தத்துவ அறிஞர்களிடம் கேட்டுக்கொள் என்று ஆசிரியர் விலகிக்கொண்டார். மாணவர் அவ்வாறே சென்றார்.

பதினெட்டாம் வயதில் அவர் ஏதென்சை அடைந்த கி.மு. 323இல்தான் அலெக்சாந்தர் மறைந்தார். அதன்பின் நிகழ்ந்த குழப்பத்தில் சாமோசின் ஏதென்ஸ் குடிகள் துரத்தப்பட்டனர். வீடிழந்த பெற்றோரைத் தேடி எபிக்யூரஸ் கொலோஃபோன் நகருக்குப் போனார். பின்னர் மிட்டிலினியிலும் லாம்ப்சகசிலும் கற்பித்தார். கி.மு. 306 அளவில் ஏதென்சுக்குத் திரும்பி, எண்பது மினா வெள்ளிக்கு ஒரு தோட்டம் வாங்கினார். மாணவர்கள் அங்கே நண்பர்களாகக் கூடினர். பெண்களும் அடிமைகளும் அவர்களோடு அமர்ந்தனர். லியோன்ஷன் என்ற பெண் எழுதிய நூலின் நடையைப் பிற்காலத்தில் சிசரோவே, பழிப்பினிடையிலும், பாராட்ட நேர்ந்தது. மிஸ் என்னும் அடிமை அங்குத் தத்துவம் பயின்றார்.

தோட்டத்தில் அவர் கற்பித்தவை எளியவை. உலகம் அணுக்களாலும் வெளியாலும் ஆனது. உயிரும் அணுக்களின் கூட்டமே; உடல் சிதையும்போது அதுவும் சிதையும். எனவே மரணத்துக்குப் பின் துன்புற எவரும் எஞ்சுவதில்லை. தெய்வங்கள் உண்டு, ஆனால் பேரின்பத்தில் இருப்போர்க்குச் சினமும் இல்லை, சலுகையும் இல்லை. இடிக்கும் மின்னலுக்கும் நிலநடுக்கத்துக்கும் இயற்கையில் காரணம் தேட வேண்டும். ஒரே காரணம் உறுதிப்படாவிடில், பல காரணங்களை ஒப்பலாம். தெய்வ கோபத்தை மட்டும் இடையில் கொண்டுவரலாகாது.

இக்கொள்கையின் கனத்தை இராமேசுவரக் கரையோர் நன்கறிவர். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு எழுந்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பயணிகளோடு வந்த இரயிலையும் கடல் கொண்டது. அத்தகைய இழப்புக்குப் பின், யார் செய்த பாவமோ என்னும் கேள்வி எழுவது மனித இயல்பு. எபிக்யூரசின் கொள்கை அந்தக் கேள்வியையே இறக்கி வைக்கச் சொல்கிறது. துயரைச் சுமந்து நிற்போர் தலையில் குற்றத்தையும் ஏற்றாமல் விடுவதே அவர் சமய மறுப்பின் உட்பொருள்.

தமிழுக்கும் இவ்வகைக் குரல் புதிதன்று. வஞ்சி நகரில் மணிமேகலை சந்தித்த பூதவாதி, தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடுகையில் களிப்பு பிறப்பதுபோலப் பூதங்களின் கூட்டத்தில் உணர்வு பிறக்கிறது என்கிறான். சாத்தனார் மறுப்பதற்காகவே அவனைக் கொண்டுவந்தார்; ஆயினும் பேச இடம் தந்தார்.

அப்படியாயின் இன்பம் எது? உடலில் நோவின்மையும் உள்ளத்தில் கலக்கமின்மையுமே இன்பம் என்றார் எபிக்யூரஸ். இயற்கையான, இன்றியமையாத ஆசைகளை நிறைவேற்றச் சிறிதே போதும். புகழாசைக்கும் பொருளாசைக்கும் எல்லையில்லை. ரொட்டியும் நீரும் அவரது உணவு. ஒருமுறை நண்பரிடம் சிறு கலயம் பாற்கட்டி கேட்டு எழுதினார். வேண்டும்போது அதைக்கொண்டு விருந்துண்ணலாம் என்பது அவர் எண்ணம். கி.மு. 294 அளவில் தெமெத்ரியஸ் நகரை முற்றுகையிட்டுப் பஞ்சம் சூழ்ந்தபோது, மொச்சைகளை எண்ணி எண்ணிப் பங்கிட்டுத் தம் நண்பர்களைக் காத்தார். போகி என்று தூற்றப்பட்டவரின் அடுக்களை அவ்வளவே.

கவிஞர்பால் அவருக்கு நம்பிக்கை குறைவு. தெய்வ கோபம் பற்றிய அச்சத்தைப் பழங்கதைகளின் வழியே விதைத்தவர்கள் அவர்களே என்பது அவர் குறை. அவர் எழுதியவை ஏறத்தாழ முந்நூறு சுருள்கள். எஞ்சியவை மூன்று கடிதங்களும், கொள்கைத் தொகுப்புகளும், சிதைந்த சில பகுதிகளுமே. அவர் சிந்தனையைக் காலம் கடந்து ஏந்தி வந்ததோ கவிதை. கி.மு. முதல் நூற்றாண்டில் உரோமக் கவிஞர் லுக்ரீசியஸ் அதனை ஆறு காண்டங்கள் கொண்ட காவியமாக்கினார். 1417இல் போஜ்ஜோ பிராச்சியோலினி ஒரு மடாலய நூலகத்தில் அக்காவியப் படியைக் கண்டெடுத்தார். ஐரோப்பிய அறிவுலகில் அணுக்கொள்கை மீண்டும் பேச்சாயிற்று. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலுக்குள் புதைந்த ஹெர்குலேனியம் நகரில், இம்மரபைச் சார்ந்த நூலகம் ஒன்று கரிந்த சுருள்களாகக் கிடைத்தது. அவற்றுள் ஒன்றைப் பிரிக்காமலே, ஊடுகதிர்ப் படங்களும் கணிப்பொறியும் கொண்டு படித்த பகுதிகள் 2024இல் வெளியிடப்பட்டன. அவை பேசியதும் இன்பத்தைப் பற்றியே.

கி.மு. 270இல், எழுபது கடந்த வயதில், சிறுநீர்க் கல்லால் பதினான்கு நாள் துன்புற்று எபிக்யூரஸ் மறைந்தார். இறுதி நாளில் நண்பர் இதோமேனியசுக்கு ஒரு கடிதம் எழுதினார். வலி மிகக் கொடிது என்று மறைக்காமல் சொன்னார். நண்பரோடு முன்னர் உரையாடிய நாள்களின் நினைவு அந்த வலிக்கு எதிர்நிற்கும் மகிழ்ச்சி என்றும் எழுதினார். தமக்கு முன்பே இறந்துவிட்ட நண்பர் மெட்ரோடோரசின் பிள்ளைகளைப் பேணுமாறும் அதில் வேண்டினார். உயிலில் மிஸ் உள்ளிட்ட நான்கு அடிமைகளுக்கு விடுதலை தந்தார். தோட்டம் தோழர்களிடம் நிலைக்க வகை செய்தார். திங்கள்தோறும் இருபதாம் நாள் நண்பர்கள் கூடித் தம்மையும் மெட்ரோடோரசையும் நினைவுகூர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

அந்த வழக்கம் அவருக்குப் பின்னும் பல தலைமுறைகள் நீடித்தது. முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் பிளினி அதனைக் குறிப்பிட்டிருக்கிறார். மறுமையை நம்பாத மனிதர் தமக்கென விட்டுச்சென்றது திங்களுக்கு ஒருமுறை கூடும் நண்பர் வட்டம் ஒன்றையே. கோயில் வேண்டாதவர் நாள் ஒன்றைக் குறித்து வைத்தார். அந்நாளில் வந்து அமர்ந்தவர்களின் உரையாடலில் அவர் நெடுங்காலம் வாழ்ந்தார்.