தொழிலாளர் நலம் காத்த அண்ணல்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி.)

அரசியல் சட்டம் வகுத்த மேதை என்றே அண்ணல் அம்பேத்கரை நாம் போற்றுகிறோம். ஆலைத் தொழிலாளி நோயில் விழுந்தால் அவன் குடும்பமும் சேர்ந்து விழாமல் தாங்கும் கட்டாயக் காப்பீட்டுக்கு வழி திறந்தவர்களுள் அவரும் ஒருவர் என்பதைப் பலர் அறியார்.

1891 ஏப்ரல் 14 அன்று மோவ் நகரில், பட்டாளத்தில் பணிபுரிந்த இராம்ஜியின் மகனாகப் பிறந்தார் பீமராவ். பள்ளியில் தண்ணீர்ப் பானையைத் தொடவும் அவருக்கு உரிமை இல்லை. அத்தனை இழிவையும் தாண்டிக் கொலம்பியாவிலும் இலண்டனிலும் பொருளியல் கற்று உயர்ந்தார். ஆயினும் பம்பாயில் அவர் நெடுங்காலம் குடியிருந்தது பரேல் பகுதியின் தொழிலாளர் குடியிருப்பில்தான். ஆலைச் சங்கு ஒலிக்கும் தெருவில் வாழ்ந்தவருக்கு, கூலி நின்றுபோன வீட்டின் நிலையை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை அன்றோ! 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியை நிறுவினார்.

1942இல் வைசிராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அவர் பொறுப்பிலிருந்த காலத்தில், 1943இல், தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்குத் திட்டம் தீட்டும் பணி பேராசிரியர் அதார்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1944இல் அறிக்கை வந்தது. காப்பீடு கட்டாயமாக இருக்க வேண்டும். முதலாளியும் தொழிலாளியும் பங்கு செலுத்த வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

கட்டாயம் எதற்கு? விருப்பத்திற்கு விட்டால் உடல்நலம் உள்ளவர் விலகி நிற்பார், நோயாளிகள் மட்டுமே சேர்வர், நிதி வற்றிப்போகும். இதே காரணத்தால் அமெரிக்காவில், 2014 முதல் காப்பீடு இல்லாத தனிமனிதர் மீது வரியோடு தண்டத்தொகை விதித்தார்கள். 2019 முதல் மைய அரசின் அத்தொகை பூச்சியமாக்கப்பட்டது. நம் நாட்டுச் சட்டமோ தண்டனையைத் தொழிலாளி மீது சுமத்தாமல் முதலாளி மீது வைத்தது.

அண்ணல் சட்ட அமைச்சராக இருந்தபோது, 1948இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் நடைமுறைக்கு வந்தது. 1955இல் நம் கோவையை அடைந்தது. 1956 டிசம்பர் 6 அன்று அண்ணல் மறைந்தார்.

இன்று ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை வரிசையாக ஆலைகள். நம் தோழர் பலரின் அண்ணன்மாரும் அக்காமாரும் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் வீடு திரும்புகிறார்கள். ஈ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருவோரின் சம்பளத்தில் நூற்றுக்கு 75 காசு பிடிக்கப்படுகிறது. முதலாளி தம் பங்காக 3 ரூபாய் 25 காசு சேர்க்க வேண்டும். 2019 ஜூலையில் வந்த விகிதம் இது. இதற்கு ஈடாகக் குடும்பத்திற்கு மருத்துவமும், நோய்க்கால விடுப்பில் 70 விழுக்காடு ஊதியமும் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இந்த உரிமை உண்டு. ஒப்பந்தக்காரர் கட்டத் தவறினால் ஆலை நிர்வாகமே பொறுப்பு. பிடித்த பணத்தைக் கட்டாத முதலாளிக்குச் சிறைத் தண்டனையும் உண்டு.

ஆனால் பிடித்த காசு உரிய இடம் சேர்ந்ததா என்று பார்ப்பவர் எத்தனை பேர்? படிக்காத பெற்றோரின் பிள்ளைகளாகிய நாம் முதலில் படித்துக் காட்ட வேண்டியது நம் வீட்டுச் சம்பளச் சீட்டையே. காப்பீட்டு எண் இருக்கிறதா, பங்கு கட்டப்பட்டதா என்று கேட்போம். கற்பி என்று வாழ்ந்து காட்டிய அண்ணலுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.

வாழ்க அண்ணல் புகழ்!