அணையா அடுப்பு மூட்டிய அடிகளார்

வடலூர் இராமலிங்க அடிகளாரைச் சோதி வழிபாட்டால் அறிந்தோர் பலர். கொல்லாமையையும் புலால் மறுத்தலையும் உயிராகப் போற்றிய அப்பெருந்தகை பசித்தவர்க்குச் செய்த பணியை நம் சமூகத்தார் சற்று விரிவாக அறிதல் நன்று.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 5-10-1823 அன்று இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாவது மகவாகப் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தார். சென்னையில் தமையனார் சபாபதியின் ஆதரவில் வளர்ந்து, 1858-ஆம் ஆண்டில் அந்நகரை நீங்கி, வடலூருக்கு அருகிலுள்ள கருங்குழியில் தங்கலானார்.

வயிற்றில் எரியும் பசியை அவர் ஒரு நெருப்பாகவே கண்டார். ஏழைகளின் உடலுக்குள் பற்றிய அந்நெருப்பை உணவினால் அவிப்பதே சீவகாருண்யத்தின் முதற்படி என்று முடிவு செய்தார். மழை பொய்த்தால் கூலி மக்கள் ஊர் ஊராக அலைந்த காலம் அது. 1866-ஆம் ஆண்டின் பஞ்சம் ஒரிசாவையும் சென்னை மாகாணத்தின் வடபகுதிகளையும் வாட்டியது.

ஆனால் அடிகளாரிடம் பொருள் ஏது? வடலூராகிய பார்வதிபுரத்து மக்களை அவர் நாடினார். அவ்வூரார் ஒன்றுகூடித் தங்களுக்குரிய 80 காணி நிலத்தை எழுதிக் கொடுத்தனர். அரசன் ஒருவன் அளித்த மானியமன்று. உழுது பிழைக்கும் குடிகள் தம் பங்கை விட்டுக்கொடுத்த நிலம் என்பதை இங்கே எண்ணிப் பார்த்தல் வேண்டும். 23-5-1867 அன்று தருமச்சாலை தொடங்கப்பெற்றது. 21 அடி நீளமுள்ள அடுப்பில் அன்று மூட்டிய தீ பின்னர் அணைய விடப்படவில்லை.

யாருக்கு உணவிடுவது என்ற வினாவும் எழாமல் இல்லை. புலால் உண்போரைப் புறவினத்தார் என்று பிரித்து, அவர்களோடு நெருங்கிய உறவு வேண்டாமென விலக்கியவர் அடிகளார். அத்துணை உறுதியுடையவர், பசி என்று வந்தால் மட்டும் அவ்வேறுபாட்டையும் பாராது அவர்களுக்கும் உணவளிக்கப் பணித்தார். சாதி, சமயம், தேசம், நடத்தை எதையும் வினவாமல் இலை போடவேண்டும் என்பது அவர் விதித்த ஒழுங்கு. ஆகார தானத்தை நால்வகைத் தானங்களுள் ஒன்றாக ஏற்ற நமக்கும், பாத்திரம் அறிந்து ஈதலையும் கருணையால் ஈதலையும் வேறு பிரித்துப் பேசும் நம் மரபுக்கும் இது சிந்தனைக்குரியது. கருணைத் தானத்தில் தகுதி ஆராய்தல் இல்லை என்பதில் இரு நெறிகளும் ஒத்தே நிற்கின்றன.

1867 முதல் மூன்றாண்டுகள் அடிகளார் சாலையிலேயே உறைந்தார். 1870-இல் மேட்டுக்குப்பம் சென்றார். 25-1-1872-இல் சத்திய ஞானசபை திறக்கப்பெற்றது. 30-1-1874 அன்று சித்திவளாகத்து அறையினுள் புகுந்து தாளிட்டுக்கொண்டார். அவர் சோதியில் கலந்ததாக அன்பர்கள் நம்புகின்றனர்.

இரண்டே ஆண்டுகளில், 1876-இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கான உயிர்களைக் குடித்தது. அடிகளார் இல்லை, அவர் மூட்டிய அடுப்பு இருந்தது.

இன்றும் அன்பர்கள் அரிசியும் காய்கறியும் விறகும் கொணர்ந்து தருகின்றனர். தைப்பூச நாட்களில் பல ஊர்களிலிருந்து வருவோர் கூடியமர்ந்து காய் நறுக்குவதும், பாத்திரம் துலக்குவதும், பந்தி பரிமாறுவதும் உண்டு. வருவோரின் பெயரை எவரும் கேட்பதில்லை; பந்தியில் இடமுண்டா என்று மட்டுமே பார்க்கின்றனர்.