டேவ் ஆர்னெசன்

டேவ் ஆர்னெசன் (டேவிட் லான்ஸ் ஆர்னெசன், அக்டோபர் 1, 1947 - ஏப்ரல் 7, 2009) ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த விளையாட்டு வடிவமைப்பாளர் ஆவார். இவர் கேரி கைகாக்சுடன் இணைந்து டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்னும் பாத்திரமேற்பு விளையாட்டை உருவாக்கினார். இவ்வகை விளையாட்டில் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரின் பாத்திரத்தை ஏற்பர். அவர்கள் காணும் உலகை விவரித்து, அவர்களுடைய செயல்களின் விளைவைத் தீர்மானிப்பவர் ஆட்ட நடத்துநர் எனப்படுகிறார். 1974இல் வெளிவந்த நூல்கள் இவரை நடுவர் என்றே அழைத்தன. கற்பனை உலகம் ஒன்றைப் படைத்து, அதில் தொடர்ச்சியாக ஆட்டம் நடத்தியவர்களுள் முதல்வராக ஆர்னெசன் பொதுவாகக் கருதப்படுகிறார்.

பின்னணி

ஆர்னெசன் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்றார். செயின்ட் பால், மினியாபோலிஸ் நகரங்களில் சிறு படைவீரர் உருவங்களைக் கொண்டு போர் விளையாட்டு ஆடிய குழுவில் இவரும் ஒருவர். அக்குழுவின் டேவிட் வெஸ்லி, பிரவுன்ஸ்டைன் என்னும் கற்பனைச் செருமானிய ஊரைக் களமாகக் கொண்டு ஓர் ஆட்டத்தை நடத்தினார். அதில் ஆடுவோர் படைகளுக்குப் பதிலாகத் தனி மனிதர்களின் பாத்திரங்களை ஏற்றனர். ஆட்டம் கட்டுமீறிப் போனதால் அது தோல்வி என வெஸ்லி எண்ணினார். ஆடியவர்களோ மீண்டும் நடத்தும்படி கேட்டனர்.

பிளாக்மூர்

1971இல் ஆர்னெசன் தம் பெற்றோர் வீட்டின் நிலவறையில் பிளாக்மூர் என்னும் ஆட்டத்தைத் தொடங்கினார். பிளாக்மூர்க் கோட்டையின் அடியில் உள்ள சுரங்க அறைகளைக் கட்டத்தாளில் வரைந்து தம்மிடமே வைத்துக்கொண்டார். ஆடுவோர் தாம் நடந்து சென்ற பகுதியை மட்டுமே அறிய முடிந்தது.

போர் விளையாட்டு விதிகளின்படி ஒரே அடியில் வீரன் இறந்துவிடுவான். தாம் வளர்த்த கதைமாந்தரை இவ்வாறு இழக்க ஆடுவோர் விரும்பவில்லை. எனவே ஆர்னெசன் கப்பற்போர் விளையாட்டு விதிகளிலிருந்து கவச மதிப்பு, சேதம் தாங்கும் அளவு ஆகியவற்றை எடுத்துக் கையாண்டார். கதைமாந்தர் அனுபவத்தால் வலிமை பெறும் முறையையும் சேர்த்தார். கணினி விளையாட்டுகளில் இன்று காணப்படும் நிலைகளுக்கும் உயிர்ப் புள்ளிகளுக்கும் இதுவே முன்னோடி.

ஆடுவோரின் தவறுகளுக்கு உலகில் விளைவு இருந்தது. அவர்கள் சுரங்கத்தில் புதையல் தேடுவதிலேயே மூழ்கியிருந்தபோது பகைவர் பிளாக்மூரைக் கைப்பற்றினர். ஆர்னெசன் அதை மாற்றவில்லை. கதைமாந்தர் அனைவரும் நாடு கடத்தப்பட்டனர், ஆட்டம் புதிய இடத்தில் தொடர்ந்தது. எழுதிய விதிகளைவிட அந்நேரத்து முடிவையே இவர் பெரிதும் நம்பினார். ஆட்டத்தின் சுவைக்கும் பிற்காலச் சிக்கலுக்கும் இதுவே காரணம் எனலாம்.

நூலாக்கமும் வழக்கும்

1972இன் இறுதியில் ஆர்னெசன் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவாவில் உள்ள கைகாக்சின் வீட்டிற்குச் சென்று பிளாக்மூரை நடத்திக் காட்டினார். பின்னர் ஏறத்தாழ 20 பக்கக் குறிப்புகளை அனுப்பினார். அவற்றைப் பிறர் படித்து ஆட இயலாது. கைகாக்ஸ் அவற்றை விரித்தும் மாற்றியும் எழுதினார். 1974இல் டி. எஸ். ஆர். நிறுவனம் மூன்று சிறுநூல்கள் அடங்கிய பெட்டியாக 1000 படிகளை வெளியிட்டது. ஆர்னெசன் நடத்தியது நூலில் முழுமையாக இல்லை. ஆயினும் கைகாக்ஸ் எழுதியிராவிட்டால் அது அந்நிலவறையைத் தாண்டியிருக்குமா என்பது ஐயமே.

1976இல் அந்நிறுவனத்தில் சேர்ந்த ஆர்னெசன் ஓராண்டுக்குள் விலகினார். அடுத்து வந்த விரிவாக்கப் பதிப்பு வேறு விளையாட்டு எனக் கூறப்பட்டு, அதற்கான உரிமைத்தொகை இவருக்கு மறுக்கப்பட்டது. 1979இல் இவர் தொடுத்த வழக்கு 1981இல் நீதிமன்றத்திற்கு வெளியே உடன்பாட்டில் முடிந்தது.

பிற்காலம்

1999 முதல் 2008 வரை புளோரிடாவின் ஃபுல் செயில் கல்வி நிறுவனத்தில் விளையாட்டு வடிவமைப்பைக் கற்பித்தார். விதிகளைப் பிறருக்குப் புரியுமாறு தெளிவாக எழுதுவதும் இவர் அங்கு நடத்திய பாடங்களுள் அடங்கும். புற்றுநோயால் பாதிக்கப்பட்ட ஆர்னெசன் 2009 ஏப்ரல் 7 அன்று செயின்ட் பால் நகரில் காலமானார்.